வீட்டுக்கு விலை போடும் அசெஸ்ஸர்: சாண்டா கிளாரா கவுண்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

ஊரில் தாசில்தாரும் கலெக்டரும் அரசு நியமித்து, மாற்றலில் வந்து போகிறவர்கள். கலிபோர்னியாவில் உங்கள் வீட்டுக்கு வரி மதிப்புப் போடும் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) அசெஸ்ஸர் ஓட்டு வாங்கி வருகிறவர். சாண்டா கிளாரா கவுண்டியில் அந்த நாற்காலியில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்தவர் லேரி ஸ்டோன். 1978-இல் சன்னிவேல் நகர மன்ற உறுப்பினரானார், மேயராகவும் இருந்தார், 1994 தேர்தலில் அசெஸ்ஸர் பதவியை வென்றார், 2025 ஜூலையில் விலகினார். கவுண்டியை ஆளும் ஐந்து சூப்பர்வைசர்களுக்கு (கட்டடத் தள மேஸ்திரி என்று நினைத்துவிடாதீர்கள், சட்டமன்ற உறுப்பினர் மாதிரி) தொடர்ந்து மூன்று பதவிக்காலம்தான். அசெஸ்ஸருக்கு அந்த வரம்பு இல்லை.

அவர் அரசியலுக்கு வந்த அதே 1978-இல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்ததுதான் சொத்து வரிக்கு வரம்பு கட்டிய 13ஆம் முன்மொழிவு (Proposition 13). நீங்கள் வாங்கிய விலையே அடிப்படை மதிப்பு. அது வருடத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. வரி அதில் 1 சதவீதம், கூடவே உள்ளூர் மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட கூடுதல் வரிகள். அதனால்தான் ஒரே தெருவில், ஒரே அளவு வீட்டுக்கு, பக்கத்து வீட்டுப் பெரியவர் உங்கள் வரியில் கால்பங்குகூடக் கட்டாமல் இருப்பார்.

புதியவர்கள் அடிபடுவது சப்ளிமென்டல் பில்லில், அதாவது பழைய மதிப்புக்கும் நீங்கள் வாங்கிய விலைக்கும் உள்ள இடைவெளிக்குத் தனியாக வரும் வரி பில்லில். பழைய உரிமையாளரின் மதிப்பு 4 லட்சம் டாலர், நீங்கள் வாங்கியது 15 லட்சம் என்று வையுங்கள். இடைவெளி 11 லட்சம். அதற்கு ஒரு சதவீதம் 11,000. நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. டிசம்பரில் வாங்கினால் கணக்கு ஜனவரி 1 முதல், ஆக பாதி: உள்ளூர் கூடுதல் வரிகளும் சேர்ந்து 5,500 டாலருக்குச் சற்று மேல். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வாங்கினால் இரண்டு பில் வரும். வங்கியின் எஸ்க்ரோ கணக்கு (கடன் தவணையோடு வரிப் பணத்தையும் வாங்கி வைத்துக் கட்டும் கணக்கு) இதைப் பெரும்பாலும் கட்டாது, பில் நேரே உங்கள் பெயருக்கு வரும். வங்கி பார்த்துக்கொள்ளும் என்று மேசையில் போட்டுவிட்டால் 10 சதவீத அபராதம். கையெழுத்துப் போடும்போதே அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வழக்கமான வரிக்குக் கடைசி நாள் டிசம்பர் 10, ஏப்ரல் 10. அதை வசூலிப்பது அசெஸ்ஸர் அலுவலகம் அல்ல, வேறு துறை. வரி கட்டியது பற்றி அசெஸ்ஸரிடம் கேட்டுப் பயனில்லை.

சொந்த வீட்டில் குடியிருந்தால் மதிப்பில் 7,000 டாலர் கழிவு உண்டு, வருடத்துக்கு 70 டாலர் மிச்சம். விண்ணப்பம் இலவசம். அரசு முத்திரை போன்ற ஒன்றைப் போட்டுப் பணம் கேட்டு வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள்.

ஜனவரி 1 நிலவரப்படி சந்தை விலை உங்கள் மதிப்புக்குக் கீழே போயிருந்தால் ஜூலை 2 முதல் செப்டம்பர் 15-க்குள் மேல்முறையீடு செய்யலாம். ஜனவரி 1-ஐ ஒட்டி, அக்கம்பக்கத்தில் விற்ற அதே மாதிரி வீடுகளின் விலையைக் கொண்டுபோங்கள். பட்ஜெட் இடிக்கிறது என்ற வாதம் எடுபடாது. கேட்டுத் தீர்ப்புச் சொல்வது அசெஸ்ஸருக்குக் கட்டுப்படாத தனி வாரியம். சாண்டா கிளாராவில் உள்ள லீவைஸ் மைதானத்தின் மதிப்பு விஷயத்தில் அது ஸ்டோனை மீறி, அங்கே ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணிக்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. தீர்ப்பு வரும்வரை வரியை முழுதாகக் கட்டியே ஆக வேண்டும்.

இதற்கெல்லாம் குடியுரிமை வேண்டாம். சூப்பர்வைசர்கள் கூட்டத்தில் எழுந்து பேசவும் குடியுரிமை தேவையில்லை. ஆனால் ஓட்டுரிமை குடிமக்களுக்கு மட்டுமே. ஓட்டுநர் உரிம அலுவலகத்தில் வாக்காளர் பதிவுக் கேள்வி வந்தால் நிதானமாகப் படித்து, இல்லை என்று குறியுங்கள்; தவறிப் பதிவானால் பின்னாளில் கிரீன் கார்டுக்கே சிக்கல். எச்1பி விசாவில் இருப்பவர் எந்த வேட்பாளருக்கும், நண்பரே நின்றாலும், பத்து டாலர்கூட நன்கொடை தரக்கூடாது. கிரீன் கார்டு உள்ளவர் தரலாம்.