நெல்லு மாவுப்பூச்சிய வரப்புல உக்காந்தே கண்டுபிடிக்கிறது எப்படி

வயல்ல தண்ணி காஞ்சு கெடக்கிற நேரத்துல அங்கங்க திட்டுத்திட்டா பயிர் குட்டையா நின்னு, கதிர் முழுசா வெளிய வராம சிக்கிக்கிச்சுன்னா ஒடனே உரத்த திட்டாதீங்க, ஒரு தூர பிடுங்கி இலையோட அடிப்பக்கம் தண்ட சுத்தி மூடியிருக்குல்ல அந்த உறைய மெதுவா உரிச்சுப் பாருங்க. உள்ள மாவு கொட்டுன மாதிரி வெள்ளையா, தேய்ச்சா அடியில செவப்பு கலந்த உடம்போட, றெக்கையே இல்லாம ஒட்டிக்கிட்டு இருந்தா பெரும்பாலும் அது நெல் மாவுப்பூச்சிதான்.

அறிவியல் பேரு ப்ரெவென்னியா ரெஹி, சூடோகாக்சிடே குடும்பம், சாறு உறிஞ்சுற ஹெமிப்டெரா வரிசை. பேருக்குப் பின்னாடி லிண்டிங்கர், 1943னு அடைப்புக்குறிக்குள்ள போட்டிருப்பாங்க, அந்த அடைப்புக்குறி சும்மா அழகுக்கு இல்ல, அவர் பேர் வச்சப்ப வேற பேரினத்துல (நெருங்குன இனங்கள சேத்து வைக்கிற கூட்டம், ஜீனஸ்) இருந்துச்சு, அப்புறம் மாத்திட்டாங்கன்னு அர்த்தம். அதனால பழைய புத்தகம், கட்டுரைங்கள்ல தேடும்போது ரிபெர்சியா, ஹெட்டரோகாக்கஸ்ங்கிற பழைய பேரினப் பேரையும் போட்டுத் தேடுங்க, இல்லன்னா பாதி தகவல் கெடைக்காது. பப்பாளி மாவுப்பூச்சியும் இதே குடும்பம்தான், ஆனா பேரினமே வேற, பப்பாளியில இருந்து நெல்லுக்கு எறங்கிருச்சுன்னு பயப்பட வேணாம்.

அடுத்தது வரப்பு. நெல்லு இல்லாத காலத்துல இது அருகம்புல்லு, குதிரைவாலி மாதிரி களைங்கள்ல காலம் தள்ளும், கோரையிலயும் இருக்கும் (கோரை புல்லு குடும்பமே இல்ல, ஆனா பூச்சிக்கு அதப் பத்தி கவலையில்ல). ஒரு செடியில ஒத்தப் பூச்சி இருக்குன்னு அதையும் உணவுச் செடி லிஸ்ட்ல சேத்துராதீங்க, குஞ்சுங்க காத்துல பறந்து எங்க வேணா விழும், முட்டை, குஞ்சு, தாய்ப்பூச்சின்னு எல்லாமே ஒரே செடியில இருந்தாத்தான் அது அங்க பொழைக்குதுன்னு நம்பலாம், என்னக் கேட்டா பாதி லிஸ்ட்டு வீங்குறதே இந்தத் தப்பாலதான்.

கண்ணால பாத்து இனத்த உறுதியா சொல்ல முடியாது. வளந்த தாய்ப்பூச்சிங்கள செடித்துண்டோட ஆல்கஹால்ல போட்டு, எந்தச் செடி, எந்த ஊரு, எந்தத் தேதின்னு பென்சில்ல எழுதி உள்ளயே போடுங்க, பேனான்னா மை கரைஞ்சு போயிரும். உடம்ப தெளிய வச்சு ஸ்லைடுல ஏத்தி மைக்ராஸ்கோப்ல மெழுகுத் துளைங்கள எண்ணிப் பாக்கிறவங்கதான் முடிவா சொல்லணும்.

பூச்சி வந்த தூரயெல்லாம் பிடுங்கி வயலுக்கு வெளிய கொண்டுபோய் அழிச்சிருங்க, அடுத்த நடவுக்கு முன்னாடி வரப்புப் புல்லையும் செதுக்கிருங்க.