பக்கத்துப் பூங்காவை நாம் தவறவிடும் விதங்கள்

இயற்கை என்றால் மலையும் அருவியும்தான், அதற்கு லீவு போட்டுக் கிளம்ப வேண்டும் என்ற நினைப்புதான் முதல் தவறு. அந்த நினைப்பில் இருப்பவர்களுக்கு, நடந்து போகிற தூரத்தில் உள்ள பூங்காவும் நகர்ப்புறக் காடும் கண்ணிலேயே படுவதில்லை. இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களை வைத்து 2019-இல் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைச் சூழலில் இருந்தவர்களில், உடலும் மனமும் நன்றாக இருப்பதாகச் சொன்னவர்கள் அதிகம். அந்த நேரத்தை ஒரே நாளில் கழித்தாலும் சரி, பல நாளாகப் பிரித்துக் கழித்தாலும் சரி, பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வேலை முடிந்து வரும் வழியில் ஒதுக்கும் இருபது நிமிடமும் கணக்கில் சேரும்.

சரி, பூங்காவுக்குப் போகிறோம். அங்கேயும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு வேகவேகமாகச் சுற்றினால் உடற்பயிற்சி நடக்கும். மரத்தோடும் பறவையோடும் பழக்கம் வராது. ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். நம்மைக் கண்டு அடங்கிய பறவைகள் மெல்லக் குரல் கொடுக்கத் தொடங்கும். மரப்பட்டை வெடிப்புகளின் வழியே எறும்புகள் ஏறி இறங்குவது தெரியும். மட்கிக் கிடக்கும் சிறு கட்டையை, கையை விடாமல் ஒரு குச்சியால் லேசாகப் புரட்டினால், அடியில் மரவட்டை, மண்புழு, நூல் நூலாக வெள்ளைப் பூஞ்சை என்று ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருக்கும். பார்த்ததும் கட்டையை இருந்தபடியே வைத்துவிட வேண்டும். ஈரமும் இருட்டும் போனால் அவற்றுக்கு அங்கே பிழைப்பில்லை.

இதனால்தான், உதிர்ந்த சருகைக் குப்பை என்று நினைத்து, "ஏன் பெருக்கவில்லை?" என்று பூங்கா ஊழியர்களிடம் சண்டை பிடிப்பது எனக்கு வருத்தம் தருகிறது. நடைபாதையில் கிடப்பதைக் கூட்டலாம். மரத்தடியில் கிடப்பது மண்ணின் ஈரத்தைக் காத்து, மட்கி, அந்த மரத்துக்கே உரமாகிறது. சருகைக் கிளறிப் பூச்சி தேடும் பறவைகளும் அதை நம்பித்தான் வருகின்றன.

பாதையை விட்டுக் குறுக்கே நடப்பதும் சின்ன விஷயம் இல்லை. மரத்தின் நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது. பல கால்கள் மிதித்து மண் இறுகினால் காற்றும் தண்ணீரும் உள்ளே இறங்காது. மரம் கொஞ்சம் கொஞ்சமாக நலியும்.

அப்புறம், வாத்துக்கு ரொட்டி, குரங்குக்கு பிஸ்கட். அன்பில் செய்வதுதான், ஆனால் அவற்றுக்கு அது கெடுதல். மிஞ்சிய ரொட்டி குளத்துத் தண்ணீரைக் கெடுக்கும். பழகிய குரங்கு அடுத்து வருபவரின் கையிலிருந்து பிடுங்கும்.

குழந்தைகளுடன் போகும்போது "தொடாதே, அழுக்காகும்" என்று அதட்டாதீர்கள். ஒவ்வொரு மரத்துக்கும் பெயர் கேட்டுப் பரீட்சை வைக்கவும் வேண்டாம். அவர்கள் ஒரு நத்தையின் முன்னால் அரை மணி நேரம் நின்றால் நாமும் கூட நிற்கலாம்.

அக்கம்பக்கத்தாரைத் திரட்டுகிறவர்கள் பெரும்பாலும் மரம் நடும் விழாவோடு நிறுத்திவிடுகிறார்கள். நட்ட கன்றுக்கு முதல் சில வருடக் கோடைகளில் தண்ணீர் வேண்டும். எந்த வாரம் யார் ஊற்றுவது என்று முறை போட்டுக்கொள்ளாமல் குழி தோண்ட வேண்டாம்.