இடி விழுந்த கரட்டில் தீ: புதிதாக இறங்குகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம் அஞ்செட்டிப் பக்கம் ஒரு மேய்ச்சல் கரட்டில் சாயங்காலம் இடி விழுந்து புல் பிடித்துக்கொண்டது. நாலு தூறல் போட்டதோடு மழை போய்விட்டது. ஊர்ப் பையன்கள் பத்துப் பேர் ஓடி வந்து இரண்டு மணி நேரத்தில் அடித்து அணைத்தார்கள். நன்றாகவே வேலை செய்தார்கள். கடைசியில் ஒருவன் தழையைக் கீழே போட்டுவிட்டு, "முடிஞ்சுதுண்ணா, இறங்கலாம்" என்றான். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் சொன்னேன்.

தண்ணீர் கொண்டுபோ, தனியாகப் போகாதே என்பதெல்லாம் ஆடு மேய்க்கிற பிள்ளைக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் பிடிக்கிற தீ பெரும்பாலும் மனிதன் வைத்ததுதான். இடித்தீ குறைவு, அதுவும் சித்திரை, வைகாசிக் கோடை மழையோடு வருவது. ஆனால் அதன் குணம் வேறு. பீடித் துண்டு போட்ட தீ தரையில் பிடித்துத் தரையிலேயே ஓடும். இடித்தீ பல நேரம் மரத்துக்குள் பிடித்து, பிறகுதான் புல்லுக்கு இறங்கும்.

மழை வருகிறது என்று சந்தோஷப்படுவது

மண்வாசனை வந்தால் பையன்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். எனக்கு அப்போதுதான் பயம். இடிமேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று தரையில் மோதி நாலா பக்கமும் சிதறும். மழை பின்னால் வரலாம், வராமலும் போகலாம். காற்று மட்டும் முதலில் வந்துவிடும். அதுவரை ஓரத்தில் சோம்பலாக எரிந்துகொண்டிருந்த பக்கம் அந்தக் காற்றில் சட்டென்று தீயின் முன்முகமாக மாறி உங்கள்மேல் திரும்பும். குளிர்காற்று உடம்பில் பட்டவுடன் எரிந்து முடிந்த கருந்தரைக்குள் போய்விடுங்கள்.

தழையை ஓங்கி அடிப்பது

பொறி பறந்து பின்னால் விழும். அழுத்தி, எரிந்த பக்கமாக இழுங்கள்.

புகை நின்றதும் வீட்டுக்குப் போவது

இத்தனை வருடம் ஆகியும் எனக்கு ஆத்திரம் தீராத தவறு இது.

இருபது வருடத்துக்கு முன்னால் அன்று இடி விழுந்தது ஒரு கிழட்டு ஆச்சா மரத்தில். உச்சியிலிருந்து அடிவரை ஒரு சாண் அகலத்துக்குப் பட்டை உரிந்து, சிராய்கள் சுற்றிலும் சிதறிக் கிடந்தன. அடியில் கை நுழைகிற அளவு ஒரு பொந்து. புல்லை அணைத்தோம், தூறலும் போட்டது, புகை அடங்கியது. "மழையே பெய்ஞ்சிருச்சு, இனி என்ன இருக்கு" என்று எங்களைக் கூட்டிப் போனவர் இறங்கச் சொன்னார். நானும் தலையாட்டினேன். பொந்துக்குள் யாரும் கையை நீட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் மதியம் அனல்காற்றில் அந்த மரம் முறிந்து விழுந்தது. பொறி சிதறி, நாங்கள் வெட்டிய தீத்தடுப்புக் கோட்டைத் தாண்டிப் புல்லில் பிடித்தது. சாயங்காலத்துக்குள் கரடு முழுக்கக் கருகிவிட்டது. அந்த வருடம் அடுத்த மழைவரை அந்த ஊர் மாடுகளுக்கு மேய்ச்சல் இல்லை. ஒருவர் தன் ஆலம்பாடி மாடுகளைச் சந்தையில் பாதி விலைக்கு விற்றார். எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மரப்பொந்து அடுப்புக் குழாய் மாதிரி. வேர்ப்பக்கம் காற்று நுழைந்து மேலே போகும். உள்ளே உளுத்த கட்டை, சுடரே இல்லாமல் நாள்கணக்கில் கனியும். தூறல் பட்டையை மட்டும்தான் நனைக்கும்.

காய்ந்த சாணியும் அப்படித்தான். மேலே சாம்பல் பூத்து, உள்ளே கங்கு இருக்கும். காலால் தட்டினால் சரிவில் உருண்டு கீழே இருக்கிற புல்லைப் பற்றவைக்கும். பழைய மாட்டுப்பட்டி இருந்த இடமென்றால் இன்னும் மோசம். அங்கே வருடக்கணக்கான எரு தரைக்கடியில் ஊமையாக எரியும்.

ஆகவே புல் அணைந்த பிறகுதான் பாதி வேலை இருக்கிறது. மரத்தைச் சுற்றி வெறும் மண் தெரிகிறவரை சருகையும் வேரையும் வெட்டி ஒதுக்குங்கள். பொந்தைக் கொத்தால் சுரண்டி, கங்கை வெளியே எடுத்து, மண்ணும் தண்ணீரும் சேர்த்துக் குழப்புங்கள். மருந்தடிக்கிற 16 லிட்டர் டேங்க் இரண்டு இருந்தால் போதும், வெறுமனே மேலே தெளித்தால் பத்து டேங்கும் போதாது. பிறகு கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோங்கள், சூடு இல்லையென்றால்தான் தொடலாம். உள்ளங்கை வெந்தால் கொத்து பிடிக்க முடியாது, அதனால்தான் புறங்கை. இதைச் செய்யும்போது ஒருவர் அண்ணாந்து மரத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே வெந்த கிளை சத்தமில்லாமல் விழும்.

மறுநாள் விடியற்காலை போங்கள். காற்றில்லாத குளிரில் மெல்லிய புகை நூலும் தெரியும். மதியம் இரண்டு, மூன்று மணிக்கு மறுபடி. மூன்று நாளாவது இப்படிப் பார்க்க வேண்டும்.

பாலியஸ்டர் சட்டை

உருகித் தோலில் ஒட்டும். பருத்தி.

தீக்கு மேலே நிற்பது

சரிவில் தீ மேல்நோக்கி ஓடும். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி மலையில் காட்டுத்தீக்கு, மலையேறப் போன 20க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். கீழிருந்து, தீயின் பின்புறமான வால்பக்கத்திலிருந்து, இரண்டு ஓரமும் அடித்துக்கொண்டு ஏறுங்கள்.

கடைசி இடிக்கு முன்பே ஏறுவது

அரை மணி நேரம் இடிச்சத்தமே இல்லாமல் இருக்கட்டும்.

மரத்தை யாருக்கும் காட்டாமல் வருவது

செயற்கைக்கோள் பார்த்து வனத்துறைக்குத் தீ எச்சரிக்கை வருகிறது, நல்லதுதான். பொந்துக்குள் கனிகிற கங்கு அதன் கண்ணில் படாது. போன வாரம் இறங்கும்போது, அந்தக் கரட்டில் தினமும் மாடு ஓட்டுகிற பெரியவரைக் கூட்டிப்போய் மரத்தைக் காட்டினேன். மூன்றாம் நாள் மதியம் அவரிடமிருந்து போன் வந்தது: "தம்பி, வேர்ப் பள்ளத்துல இன்னும் சூடு இருக்குது." இரண்டு பையன்களோடு டேங்கைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினோம்.