ஓடிபி சொல்வதற்கு முன்: ஆன்லைனில் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

போன தீபாவளித் தள்ளுபடியில் ஒரு மிக்ஸி வாங்கினேன். டெலிவரி தம்பி வாசலில் நின்று, "சார், ஓடிபி சொல்லுங்க" என்றார். அடுப்பில் பால் பொங்கும் நேரம். சொல்லிவிட்டு உள்ளே ஓடினேன். அப்புறம் பெட்டியைப் பிரித்தால், சட்னி ஜாரின் கைப்பிடி தனியாகக் கையோடு வந்தது. அது ஓப்பன் பாக்ஸ் டெலிவரி. பிரித்துப் பார்த்து, பொருள் சரியாக இருந்தால்தான் ஓடிபி சொல்ல வேண்டும். முன்னாலேயே சொன்னதால், பொருளைப் பார்த்து ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகிவிட்டது. ஜாரை மாற்றி வாங்கப் பதினோரு நாள் அலைந்தேன்.

சாதாரணப் பார்சலை டெலிவரி ஆள் பிரித்துக் காட்டமாட்டார். பொருள் பழுதாக வந்தது என்று காட்ட ஒரே வழி வீடியோ. முகவரிச் சீட்டு தெரியும்படி தொடங்கி, டேப் கிழிப்பதிலிருந்து பொருளை வெளியே எடுத்து ஓட விட்டுப் பார்ப்பது வரை நடுவில் நிறுத்தாமல் எடுக்க வேண்டும். திருமண வீடியோ அளவுக்கு வேண்டாம், இரண்டு நிமிடம் போதும்.

2007இல் பெங்களூரில் பிளிப்கார்ட் புத்தகக் கடையாகத் தொடங்கியபோது, முகம் தெரியாத கடைக்கு முன்பணம் கட்டப் பலருக்கும் மனம் வரவில்லை. 2010இல் அவர்கள் கொண்டுவந்த கேஷ் ஆன் டெலிவரிதான் அந்தத் தயக்கத்தை உடைத்தது. பார்சலாவது கண்ணில் பட்ட பிறகு பணம். 2016இல் யுபிஐ வந்தபின் பணம் கட்டுவது நொடி வேலை ஆகிவிட்டது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் யோசிக்கக் கிடைத்த அந்த இடைவெளி போய்விட்டது.

பெரிய தவறு என்று நான் நினைப்பது, விற்பவர் யார் என்று பார்க்காதது. வெளிநாட்டு முதலீடு உள்ள தளங்கள் தாங்களே சரக்கு வாங்கி வைத்து நம் நாட்டு வாடிக்கையாளருக்கு விற்க விதி இடம் தரவில்லை. அவை பல வியாபாரிகள் கடை போடும் சந்தை. ஆக, நீங்கள் நம்புவது தளத்தின் பெயரை, பொருளை அனுப்புவது வேறொருவர். விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் அந்தப் பெயரைத் தொட்டுப் பாருங்கள். எத்தனை பேர் வாங்கியிருக்கிறார்கள், பொருளைத் திருப்பி எடுப்பாரா, மாற்றுப் பொருள் மட்டும்தான் தருவாரா என்பது அங்கேதான் இருக்கும்.

ஐந்து நட்சத்திர விமர்சனங்களை நான் படிப்பதே இல்லை. "சூப்பர், சீக்கிரம் வந்தது" என்பதில் மிக்ஸி எப்படி அரைக்கிறது என்று தெரியாது. இரண்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள்தான் விவரமாகப் புலம்புவார்கள். பல அளவுகள் ஒரே பக்கத்தில் இருந்தால் விமர்சனங்களும் கலந்து கிடக்கும், அதையும் கவனியுங்கள்.

விலையில் அடித்துக் காட்டும் எம்ஆர்பியை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அது அதிகபட்ச விலைதான். தெருமுனைக் கடையிலேயே அதைவிடக் குறைவாகக் கிடைக்கலாம். எண்ணெய் வாங்கினால் ஒரு லிட்டரா, 850 மில்லியா என்று பாருங்கள். "இன்னும் இரண்டே உள்ளது" என்ற பொய் அவசரமும், கேட்காமலே கூடையில் காப்பீட்டைச் சேர்ப்பதும் 2023ஆம் ஆண்டு மத்திய அரசு தடை செய்த 13 ஏமாற்று உத்திகளில் அடங்கும். ஆனாலும் பணம் கட்டும் பக்கத்தில் ஒருமுறை கீழே வரை தள்ளிப் பார்த்துவிடுவது நல்லது.

பணம் திரும்ப வரவில்லை என்றதும் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுபொறியில் தேடுவது ஆபத்தான பழக்கம். மோசடிக்காரர்கள் அங்கே தங்கள் எண்ணைப் போட்டு வைத்திருப்பார்கள். செயலிக்குள் இருக்கும் உதவிப் பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள். பணம் பெற யுபிஐ பின் தேவையே இல்லை. கேட்டால் போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930.

பொருள் பற்றிய தகராறு என்றால் முதலில் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். 2020ஆம் ஆண்டு விதிப்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.