பழைய பட்டாளத் தோழர்களோடு தொடர்பு அறாமல் இருக்க

1971 இந்தியா-பாகிஸ்தான் போரில் நின்றவர்களுக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. வெறும் பெயரைக் குறித்து வைத்தால் போதாது. ஒரே யூனிட்டில் நாலு ஆறுமுகம் இருப்பார்கள். நீள நோட்டில் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள்: ராணுவ எண், யூனிட்டில் அவர் இருந்த கம்பெனி, முகவரி, மனைவி பெயர், பிள்ளைகளின் போன் எண். அவருடைய செல் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். நீண்ட நாள் ரீசார்ஜ் விட்டுப்போனால் அந்த எண் வேறொருவருக்குப் போய்விடலாம்.

பீரங்கிப் படையில் இருந்த பலருக்குக் காது மந்தம். காலை பத்துக்கு மேல் கூப்பிட்டு, எடுத்ததும் உங்கள் பெயரையும் கம்பெனியையும் சொல்லுங்கள். 'யாருன்னு தெரியுதா?' என்று கேட்கவே கேட்காதீர்கள். மறதி வந்தவர் கூசிப்போவார். ஓய்வூதியம் நின்றுவிடாமல் இருக்க, நவம்பரில் கட்டாயம் ஒரு போன்: 'வாழ்நாள் சான்றிதழ் கொடுத்தாச்சா?'

அந்தப் போரின் வெற்றி நாளான டிசம்பர் 16 சந்திப்புக்குத் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்க்காரர்களை மெட்ரோவில் வரச் சொல்லுங்கள். அங்கே லிப்ட் உண்டு. மின்சார ரயில் மேம்பாலப் படிகளை முட்டி தாங்காது.

தோழர் தவறிவிட்டால் அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். குடும்ப ஓய்வூதியத்துக்கு அவர் மனைவி அலையும்போது அந்த ராணுவ எண்தான் கைகொடுக்கும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, நீலகிரி வெலிங்டனில் உள்ள ரெஜிமெண்ட் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள்.