பால் சங்கத்தின் பழைய அறிக்கைகளை வைத்து விழா மலர் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியில் பால் சங்கங்கள் விழா மலர் போட முடிவெடுத்ததும், பீரோவில் கிடக்கும் பழைய ஆண்டறிக்கை, துணைவிதிப் புத்தகம், விலைச் சுற்றறிக்கை எல்லாவற்றையும் எடுத்து ஆர்வமுள்ள இளைஞர் ஒருவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். இப்படி மலர் தயாரிக்க வருகிறவர்கள் எல்லாரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழை, பக்கம் மாறுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை மெய்ப்பு பார்க்கும்போது சரியாகிவிடும்.

ராத்தலை லிட்டர் என்று எழுதுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறுக்காது. கோத்தகிரிப் பக்கத்து மலர் ஒன்றில் ‘பால் கொள்முதல் (லிட்டர்)’ என்று ஒரே அட்டவணை. நாற்பதுகளின் எண்கள் மேலே, அறுபதுகளின் எண்கள் கீழே. பழைய அறிக்கையில் அட்டவணைப் பத்தியின் தலைப்பிலேயே ராத்தல், அதாவது பவுண்டு எடை, என்று இருக்கிறது. எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு அளவை விட்டுவிட்டார்கள். அதனால் அறுபதுகளில் பால் வரத்து பாதிக்கும் கீழே விழுந்ததுபோல் ஆகிவிட்டது. அப்புறம் அதற்குக் காரணம் தேடி, கோமாரி வந்தது, ஜனங்கள் தேயிலைக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு பக்கம் கட்டுரை வேறு. மலர் அச்சாகி வீடு வீடாகப் போன பிறகு, அந்தக் காலத்தில் பால் ஊற்றிய பெரியவர் ஒருவர், “நாங்க எப்பப்பா மாட்டை வித்தோம்?” என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை.

கணக்கு எளிது. ஒரு ராத்தல் 453.6 கிராம். ஒரு லிட்டர் பால் ஏறக்குறைய 1.03 கிலோ. ஆக 100 ராத்தல் பால் சுமார் 44 லிட்டர்தான். விலையும் அப்படியே மாறும். ராத்தல் 3 அணா (16 அணா ஒரு ரூபாய்) என்று இருந்தால் லிட்டருக்கு ஏறக்குறைய 43 காசு. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1-ல். மெட்ரிக் அளவு 1956-ம் வருடச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகத்தான் வந்தது. எனவே பணம் புதிதாகவும் அளவு பழையதாகவும் ஒரே பக்கத்தில் இருக்கலாம். ஒவ்வொரு பத்தியின் தலைப்பையும் தனித்தனியாகப் பாருங்கள். படி என்று இருந்தால் எந்த ஊர்ப் படி என்று தெரியாமல் மாற்றாதீர்கள், படி என்றே அச்சிடுங்கள்.

வருடத்தை அரைகுறையாக எழுதுவது

அன்றைய கூட்டுறவு ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ‘1948-49’ என்பதை 1948 என்று சுருக்கினால் பாதி வருடம் காணாமல் போகும்.

1950-ம் வருடப் படத்துக்குக் கீழே ஆவின் என்று போடுவது

ஆவினை நடத்தும் மாநிலக் கூட்டுறவு இணையமே 1981-ல்தான் வந்தது.

விற்பனைச் சங்கத்தையும் பால் சங்கத்தையும் ஒன்றாக்குவது

1935-ல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் உருளைக்கிழங்கையும் மலைக் காய்கறியையும் மேட்டுப்பாளையம் கொண்டுபோய் விற்றுக் கொடுத்தது. இரண்டு அறிக்கையிலும் ஒரே ஊர்க்காரர்களின் பெயர் இருக்கலாம். அதற்காகக் கணக்கைச் சேர்க்கக் கூடாது.

செல்லோடேப், லேமினேஷன்

பழைய தாளுக்கு இரண்டும் வேண்டவே வேண்டாம்.

இணைப்புத் தாளை எறிவது

அறிக்கைக்குள் செருகியிருக்கும் ஒற்றைத் தாள் பெரும்பாலும் மங்கலாக, மூலை பூஞ்சணம் பிடித்துத்தான் இருக்கும். குப்பை என்று எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். விலை மாற்றமும் பிழைதிருத்தமும் அந்தத் தாளில்தான் வரும். எந்த மாதத்திலிருந்து லிட்டர் கணக்கு என்று அறிவித்த தாளை நான் அப்படிச் செருகியிருந்த இடத்தில்தான் பார்த்தேன். எந்தப் பக்கங்களுக்கு நடுவில் இருந்தது என்று பென்சிலால் குறித்துவிட்டு, அங்கேயே வையுங்கள்.