ஸ்பானியச் செடிக் குறிப்புகளை ஆங்கிலமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெயிலையும் நிழலையும் சொல்லும் ஸ்பானியச் சொற்கள் பல, எழுதியவர் எந்த நாட்டுக்காரர் என்று தெரிந்தால்தான் பிடிபடும். அகராதியை மட்டும் நம்பினால் வாக்கியம் சரியாக வரும், செடி கருகும்.

‘பிளேனோ சோல்’ சிக்கலில்லை. அது ‘ஃபுல் சன்’ தான். நாளுக்கு 6 மணி நேரமோ அதற்கு மேலோ நேரடி வெயில். தகராறு ‘மேதியா சோம்ப்ரா’வில். சொல்லுக்குச் சொல் ‘ஹாஃப் ஷேட்’ என்று போடுவார்கள். ஆங்கில நர்சரி அட்டைகளின் வழக்கு ‘பார்ட் ஷேட்’. உச்சிவெயிலும் பிற்பகல் வெயிலும் படாமல், சில மணி நேர இளவெயில் மட்டும் என்று பொருள். ‘பார்ட் சன்’ என்று மாற்றினால் அந்தப் பிற்பகல் எச்சரிக்கை காணாமல் போகும். போதாக்குறைக்கு, அர்ஜென்டினாவில் இதே சொல் நிழல்வலைக்கும் பெயர். பின்னால் 80% என்றோ மீட்டர் கணக்கோ இருந்தால் ‘ஷேட் கிளாத்’ என்று எழுதுங்கள். அந்த 80 வலை தடுக்கும் வெளிச்சம். உள்ளே விடுவது 20 தான்.

‘ஆஸ்’ இன்னும் பொல்லாதது. ‘ஆஸ் தெ லுஸ்’ ஒளிக்கற்றை. ‘ஆஸ் வாஸ்குலார்’ தண்டுக்குள் நீரும் சத்தும் கடத்தும் வாஸ்குலக் கற்றை. ஆனால் இலை வருணனையில் தனியாக வரும் ‘ஆஸ்’ இலையின் மேற்புறம். பக்கத்திலேயே ‘என்வேஸ்’ (அடிப்புறம்) இருக்கிறதா என்று பாருங்கள்; இருந்தால் ‘அப்பர் சர்ஃபேஸ்’, ஆய்வுக் கட்டுரையென்றால் ‘அடாக்சியல்’. இதை ‘பீம்’ (ஒளிக்கற்றை) என்று எழுதினால், ‘மயிரில்லாத மேற்புறம்’ என்பது ‘மயிரில்லாத ஒளிக்கற்றை’ என்று விசித்திரமாக அச்சேறும்.

‘இன்சோலாசியோன்’ மருத்துவத்தில் வெயில்வாதை. சூழலியலில் நிலத்தில் விழும் சூரிய ஆற்றல், ஆங்கிலத்தில் ‘இன்சொலேஷன்’. கணினியின் எழுத்துப்பிழை திருத்தி அதை ‘இன்சுலேஷன்’ (வெப்பக்காப்பு) ஆக்கிவிடும், கவனம். காய் வெந்து வெளுப்பதற்கு ‘கோல்பே தெ சோல்’ என்பார்கள். ஆங்கிலத்தில் ‘சன்ஸ்கால்ட்’, ‘சன்ஸ்ட்ரோக்’ அல்ல.

‘சொலானா’ என்பது மலையின் வெயில் சரிவு. ஸ்பெயினில் அது தெற்கு பார்த்தது. அதை வைத்துச் சிலி நாட்டு உரையிலும் ‘சவுத் ஃபேசிங்’ என்று எழுதினால், செடி நிழல் சரிவுக்குப் போய்விடும். சிலி தென் அரைக்கோளத்தில் இருப்பதால் அங்கே வெயில் சரிவு வடக்கு பார்த்தது. ‘சன்னி ஸ்லோப்’ என்றால் இரண்டு பக்கமும் தப்பில்லை.

‘மிராசோல்’ சில நாடுகளில் சூரியகாந்தி, மெக்சிகோவில் பெரும்பாலும் காஸ்மோஸ் பைபின்னேட்டஸ் என்ற பூச்செடி. அறிவியல் பெயர் இல்லாமல் முடிவு கட்டாதீர்கள்.

எண்களிலும் கண் வேண்டும். ஸ்பெயினிலும் தென் அமெரிக்காவின் பெரும்பகுதியிலும் ‘10.000 லக்ஸ்’ (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) என்றால் பத்தாயிரம். புள்ளியை அப்படியே விட்டால் ஆங்கில வாசகர் அதைப் பத்து லக்ஸ் என்று படிப்பார்; அந்த வெளிச்சத்தில் எந்தச் செடியும் வளராது.